கிறிஸ்துமஸ் நண்பருக்கு ஒரு நூல்

நுழையும்முன்

கேரளப் பள்ளிகள் பலவற்றில் டிசம்பர் மாதத்தில் ஒரு வழக்கம் உண்டு. வகுப்பிலுள்ள அனைவரின் பெயர்களும் சிறு தாள்களில் எழுதப்பட்டு ஒரு பெட்டியில் இடப்படும். ஒவ்வொருவரும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சீட்டை எடுப்பர். அச்சீட்டில் யார் பெயர் உள்ளதோ, அவரே எடுத்தவருடைய 'கிறிஸ்துமஸ் நண்பர்'. விடுமுறைக்கு முந்தைய நாள் வரை அப்பெயரை யாருக்கும் சொல்லாமல் காத்து, அன்று அவருக்குப் பரிசு தர வேண்டும். பேனாவும் பொம்மையும் தேநீர்க் கோப்பையும் தருவோர் பலர். நூல் தருவோர் சிலரே. அச்சிலரைப் பற்றியது இப்பாடம்.

பாடம்

கல்பாத்தியில் ஐப்பசித் தேர்கள் நிலைக்கு வந்து ஒரு மாதம் கழிந்தால் மார்கழி பிறந்துவிடும். பாலக்காட்டுக் கணவாயின் வழியே கிழக்குக் காற்று ஓயாது வீசும். இக்காற்று வரும் வழியே பல தலைமுறைகளுக்கு முன் தஞ்சை, கும்பகோணம் முதலிய ஊர்களிலிருந்து நம்முள் பலருடைய முன்னோர் வந்து இங்கே குடியேறினர். தொடர்வண்டித் துறையிலும் பிற பணிகளிலும் சேர்ந்து அண்மையில் வந்த குடும்பங்களும் பல உள்ளன. இக்காலத்தில் அக்கிரகாரத்து வாயில்களில் கோலமும் அடுத்த தெருக்களில் நட்சத்திர விளக்குகளும் ஒருசேரக் காணப்படும். இத்தகைய ஒரு மார்கழியில் நிகழ்ந்த செய்தி ஒன்றை முதலில் கூறுகிறேன்.

ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி சீட்டு எடுத்தாள். அவளுக்குக் கிடைத்த பெயர், அவ்வாண்டு புதிதாக வந்து சேர்ந்த ஒரு தோழியின் பெயர். இருவர் வீட்டிலும் பேசும் மொழி தமிழே. ஆகவே தான் பலமுறை படித்து மகிழ்ந்த தமிழ்க் கதைநூலையே அவளுக்குத் தருவது என முடிவு செய்தாள். அதற்குப் பழுப்புத் தாளில் உறையும் இட்டாள். பரிசு தரும் நாளில் தோழி உறையைப் பிரித்தாள், பக்கங்களைப் புரட்டினாள், படங்களைப் பார்த்தாள். பின்பு மெல்லிய குரலில், "எனக்குத் தமிழ் பேசத்தான் தெரியும். இந்த எழுத்து ஒன்றும் தெரியாது" என்றாள்.

கொடுத்தவளுக்கு முகம் சிவந்தது. தமிழ் பேசுவோர் யாவரும் தமிழ் படிப்பர் என அவள் எண்ணியிருந்தாள். அந்த எண்ணம் தவறு என்பதை இவ்வகுப்பில் அமர்ந்திருக்கும் உங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மலையாளமும் இந்தியும் ஆங்கிலமும் படித்துவிட்டு, வீட்டு மொழியின் எழுத்தை மட்டும் அறியாத பிள்ளைகள் நம்மிடையே பலர்.

இந்நிகழ்ச்சியின் மறுபகுதியைச் சற்றுப் பின்னர்க் காண்போம். அதற்கு முன், நூல் கொடுக்கும் வழக்கம் எங்கெங்கு எவ்வாறு வளர்ந்தது என அறிவது நலம்.

வட அட்லாண்டிக் கடலில் உள்ள ஐஸ்லாந்து ஒரு சிறிய தீவு நாடு. அதன் மக்கள்தொகை நான்கு இலட்சத்திற்கும் குறைவு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பல பொருள்களின் இறக்குமதிக்கு அங்குக் கட்டுப்பாடு இருந்தது. காகிதத்திற்கு அத்தகைய கடுமை இல்லை. எனவே பிற பரிசுப் பொருள்கள் அரியனவாகிவிட, மக்கள் ஒருவருக்கொருவர் நூல்களை வழங்கத் தொடங்கினர். 1944ஆம் ஆண்டு முதல் அந்நாட்டுப் பதிப்பாளர்கள் புதிய நூல்களின் பட்டியலை ஆண்டுதோறும் வெளியிட்டு வருகின்றனர். டிசம்பர் 24 இரவில் நூல்களைப் பரிசாகப் பெற்று, குளிருக்கு அடங்கி வீட்டினுள் இருந்து படிப்பது அவர்தம் வழக்கம். நூல்கள் அப்பருவத்தில் பெருகி வருவதால் அதனைக் 'கிறிஸ்துமஸ் புத்தக வெள்ளம்' என்றே அம்மக்கள் குறிப்பிடுகின்றனர். போர் முடிந்தது, பிற பொருள்களும் கிடைத்தன, ஆயினும் வழக்கம் நின்றுவிடவில்லை.

நம் மொழியிலோ, அச்சு நூலின் வரலாறே ஒரு கொடையோடு தொடங்குகிறது. இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சிடப்பட்ட முதல் நூல் 'தம்பிரான் வணக்கம்'. அது அச்சானது தமிழ்நாட்டில் அன்று, கேரளத்துக் கொல்லத்தில். நாள் 1578 அக்டோபர் 20. பதினாறு பக்கங்களே உடைய அக்கிறித்தவச் சிறுநூலைத் தமிழில் ஆக்கியவர் போர்ச்சுக்கல் நாட்டுத் துறவியான என்றீக்கே அடிகளார். அச்சுப் பணிக்குப் பொருள் தந்தவர்கள் முத்துக்குளித்துறைப் பரதவர்கள். கடலில் மூழ்கி முத்தெடுத்தோரின் பணத்தால் தமிழ் முதன்முதல் இம்மண்ணில் அச்சேறியது. அவர்களுள் எத்தனை பேர் அந்நூலைத் தாமே படித்திருப்பர்? மிகச் சிலரே படித்திருக்கக்கூடும். ஒருவர் படிக்கப் பலர் கேட்கும் காலம் அது.

இனி இடுக்கி மலைக்குச் செல்வோம். மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களைக் கடந்து பெட்டிமுடிக்கு அப்பால் அடர்ந்த காட்டினுள் இடமலைக்குடி உள்ளது. அங்கு வாழ்பவர்கள் முதுவர் என்னும் பழங்குடி மக்கள். தம் முன்னோர் மதுரையிலிருந்து மலையேறி வந்தவர்கள் என அவர்கள் வழிவழியாகக் கூறுகின்றனர். அவர்தம் பேச்சும் தமிழோடு நெருங்கிய உறவுடையது. 2010ஆம் ஆண்டில் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாக இடமலைக்குடி அமைந்தது. அவ்வூராட்சியைச் சேர்ந்த குடியிருப்புகளுள் ஒன்று இருப்புக்கல்குடி.

அங்கே பி. வி. சின்னத்தம்பி என்னும் பெரியவர் மண்சுவர்க் குடிசையில் ஒரு தேநீர்க்கடை நடத்தி வந்தார். தேநீரும் பிஸ்கட்டும் தீப்பெட்டியும் விற்ற அச்சிறு கடையே ஒரு நூலகமாகவும் விளங்கியது. நூலடுக்குகள் இல்லை. நூல்கள் சாக்குப் பைகளில் இருந்தன. இதழாளர் பி. சாய்நாத் 2014ஆம் ஆண்டில் காட்டுவழியே நெடுந்தொலைவு நடந்து சென்று அவரைக் கண்டு எழுதியதால் வெளியுலகம் இந்நூலகத்தை அறிந்தது. அப்போது பெரியவருக்கு வயது 73. நூல்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 160.

நூல்கள் எத்தகையவை என எண்ணுகிறீர்கள்? பொழுதுபோக்குக் கதைகள் மட்டுமே இருக்கும் என ஒருவர் கருதலாம். சாக்குப் பையிலிருந்து வெளிவந்தவையோ வைக்கம் முகமது பஷீர், எம். டி. வாசுதேவன் நாயர், கமலா தாஸ் முதலியோரின் ஆக்கங்கள். இளங்கோவடிகளின் சிலப்பதிகாரமும் மலையாள மொழிபெயர்ப்பாக அங்கு இருந்தது. சேர நாட்டு இளவரசர் எனப் போற்றப்படும் ஒருவர் தமிழில் இயற்றிய காப்பியம், மலையாள உருவில், மதுரையைத் தம் பழைய ஊராகக் கூறும் மக்களிடம் போய்ச் சேர்ந்திருந்தது. எனக்கு இதனினும் அழகிய நூற்பயணம் ஒன்று நினைவுக்கு வரவில்லை.

உறுப்பினராகச் சேரக் கட்டணம் ஒருமுறை 25 ரூபாய். திங்கள்தோறும் 2 ரூபாய். நூலை எடுத்துச் செல்லத் தனிக் கட்டணம் இல்லை. நடந்து களைத்து வருபவர்களுக்குப் பாலும் சர்க்கரையும் இல்லாத கட்டன் தேநீரும் விலையின்றிக் கிடைத்தது. பெரியவர் ஒரு பதிவேட்டையும் ஒழுங்காகப் பேணினார். எடுத்தவர் பெயர், நூலின் பெயர், நாள் ஆகிய அனைத்தும் அதில் இருந்தன. 2013ஆம் ஆண்டில் மட்டும் 37 முறை நூல்கள் எடுத்துச் செல்லப்பட்டதாக அப்பதிவேடு காட்டியது.

முப்பத்தேழு என்பது சிறிய எண் எனச் சிலர் நகைக்கலாம். கணக்கிட்டுப் பாருங்கள். 160 நூல்களுக்கு 37 முறை என்றால், ஏறக்குறைய நான்கு நூல்களுக்கு ஒருமுறை என்னும் அளவு. நம் வீட்டு அலமாரியில் உள்ள நூல்களுள் நான்கில் ஒன்றேனும் சென்ற ஆண்டில் வெளியே எடுக்கப்பட்டதா?

சின்னத்தம்பி செய்ததைப் போன்ற பணியைக் கேரளம் முழுவதற்கும் செய்தவர் பி. என். பணிக்கர். அவர் 1926இல் தம் ஊராகிய நீலம்பேரூரில் ஒரு நூலகம் தொடங்கினார். 1945இல் 47 நூலகங்களை ஒன்றிணைத்துத் திருவிதாங்கூர் நூலகச் சங்கத்தை உருவாக்கினார். அவர் மறைந்த ஜூன் 19ஆம் நாளையே நாம் பள்ளியில் வாசிப்பு நாளாகக் கொண்டாடுகிறோம்.

நூலைக் கொடுப்பதில் ஒரு நுட்பம் உண்டு. கொடுப்பவர் பெறுபவரை அறிந்திருக்க வேண்டும். இதற்குக் கும்பகோணத்தில் நிகழ்ந்த ஒரு கொடையைச் சான்றாகக் காட்டலாம். 1880ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் அங்குள்ள கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தார். அவ்வூருக்கு முன்சீப் பதவியில் வந்த சேலம் இராமசாமி முதலியார், ஐயர் கற்ற நூல்கள் எவையெவை என வினவினார். ஐயர் பல நூல்களின் பெயர்களைச் சொன்னார். முதலியார் வியக்கவில்லை. பழைய காப்பியங்களைப் படித்ததுண்டா என மேலும் கேட்டார். சீவக சிந்தாமணியின் படி ஒன்றையும் பின்னர் அளித்தார். அதனைப் பொருள் உணர்ந்து படிக்க ஐயர் பெரிதும் முயன்றார். சமண சமயத்தாரின் இல்லங்களுக்குச் சென்று ஐயங்களைக் கேட்டுத் தெளிந்தார். 1887இல் அந்நூலைப் பதிப்பித்தார். அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாகப் பழந்தமிழ் நூல்கள் அவரால் அச்சேறின. முதலியார் அப்படியைத் தம் பெட்டியிலேயே வைத்திருந்தால் அஃது ஒரு பழந்தாள் கட்டாகவே கிடந்திருக்கும். படிக்கவல்லவரைக் கண்டறிந்து கொடுத்ததே அவர் செய்த பெரும்பணி.

நாம் கொடுக்கும் நூல் அத்துணைப் பெரியதாக இருக்க வேண்டியதில்லை. பழைய நூலாயினும் குற்றமில்லை. பக்கங்கள் கிழியாமல் இருந்தால் போதும். கொடுப்பதற்கு முன் ஒருமுறை தாமே படித்துவிடுவது நன்று. "இது நன்றாக இருக்கும்" என்று கடைக்காரர் சொன்னதைத் திருப்பிச் சொல்வதை விட, "நாற்பதாம் பக்கத்தில் சிரித்துவிட்டேன்" என்று சொல்வது நண்பரைப் படிக்கத் தூண்டும். தமிழ் எழுத்து அறியாத நண்பருக்கு அவர் படிக்கும் மொழியிலேயே ஒரு நல்ல நூலைத் தருவதும் தகும். தமிழ் நூலே தர விரும்பினால், அதனோடு சிறிது நேரத்தையும் சேர்த்துத் தர வேண்டியிருக்கும்.

ஏழாம் வகுப்பு மாணவி அதைத்தான் செய்தாள். கிறிஸ்துமஸ் விடுமுறையில் இருவரும் மாலைதோறும் கல்பாத்தி ஆற்றின் படித்துறையில் அமர்ந்தனர். அவள் விரலால் காட்டிப் படிக்க, தோழி கேட்டாள். சொற்கள் யாவும் தோழிக்குத் தெரிந்தவையே. செவிக்குப் பழகியவை கண்ணுக்கு மட்டும் புதியனவாக இருந்தன. முதலில் ட, ப, ம என்னும் எழுத்துகளை அவள் அடையாளம் கண்டாள். 'படம்' என்னும் சொல்லைத் தானே கூட்டிப் படித்த அன்று, அதே சொல்லைப் பக்கம் முழுவதும் தேடினாள். நூலில் பன்னிரண்டு கதைகள் இருந்தன. பள்ளி திறப்பதற்குள் ஏழு கதைகளே முடிந்தன. காற்று மிகுதியாக வீசிய நாள்களில் பக்கங்களைப் பிடித்துக்கொள்வதே பெரும்பாடாக இருந்ததாம்.

மாசி மாதத்தில் அவள் தோழியின் வீட்டிற்குச் சென்றாள். நூல் தோழியின் மேசையில் இல்லை. சமையலறை வாயிலில் அமர்ந்து தோழியின் தாயார் அதனை மடியில் வைத்திருந்தார். கேரளத்திலேயே பிறந்து, மலையாளப் பள்ளியில் படித்தவர் அவர். எட்டாம் கதையின் தலைப்பை எழுத்தெழுத்தாகக் கூட்டிக்கொண்டிருந்தார். பிழை நேர்ந்த இடங்களில் மகள் திருத்தினாள்.

அருஞ்சொற்பொருள்

நிலை – தேர் நிற்கும் இடம்
பரதவர் – கடல்சார் தொழில் புரியும் மக்கள்
படி – பிரதி
பெரும்பாடு – மிகுந்த உழைப்பு

பயிற்சி

1. 'தம்பிரான் வணக்கம்' எங்கு, எந்த ஆண்டில் அச்சிடப்பட்டது? அதற்குப் பொருள் தந்தவர் யாவர்?

2. சின்னத்தம்பியின் நூலகத்திற்கும் உங்கள் பள்ளி நூலகத்திற்கும் உள்ள வேறுபாடுகளை ஐந்து தொடர்களில் எழுதுக.

3. "முதலியார் வியக்கவில்லை." ஏன் என்று கருதுகிறீர்கள்? வகுப்பில் பேசுக.

4. உங்கள் வீட்டில் தமிழ் பேசத் தெரிந்தவர் எத்தனை பேர்? படிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்? வீட்டாரிடம் கேட்டு எழுதுக.

5. நீங்கள் ஒரு நண்பருக்குத் தரவிருக்கும் நூலின் முதல் தாளில் எழுதுவதற்கு மூன்று வரிகள் அமைக்க. பெறுபவர் பெயர், ஊர், நாள் ஆகியன இடம்பெற வேண்டும்; பிற்காலத்தில் அந்நூல் யார் கைக்குச் சென்றாலும் அவர்கள் தம் பெயரை எழுதக் கீழே இடம் விடுக.