இனத்தூய்மை காக்கும் நகரும் கோழிக்கூண்டு

2019ஆம் ஆண்டின் இருபதாவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 85 கோடிக்கும் மேற்பட்ட கோழியினங்கள் உள்ளன. இவற்றில் ஏறத்தாழ 32 கோடி, புறக்கடையில் வளர்க்கப்படுபவை. புறக்கடைக் கோழிக்குத் தீனியும் தடுப்பூசியும் அளிப்பது குறித்து நிறையவே எழுதப்பட்டுள்ளது. எந்தச் சேவல் எந்தப் பெட்டையுடன் சேர்கிறது என்ற வினாவோ பெரும்பாலும் எழுப்பப்படுவதேயில்லை. தன் இனத்தாலேயே விலைபெறும் கோழியைப் பொறுத்தவரை வளர்ப்போரின் வருவாய் இவ்வினாவின் விடையையே சார்ந்துள்ளது.

மத்தியப் பிரதேசத்தின் மேற்குக் கோடியில் உள்ள ஜாபுவா, அலிராஜ்பூர் மாவட்டங்களின் கடக்நாத் கோழி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். பில், பிலாலா பழங்குடி மக்கள் வழிவழியாக வளர்த்துவரும் இக்கோழியின் தோல், இறைச்சி, எலும்பு ஆகியவற்றிலும் கருமை படிந்திருக்கும். 2018ஆம் ஆண்டில் ஜாபுவா கடக்நாத் இறைச்சி புவிசார் குறியீடு பெற்றது. ஆனால் இக்கருமையைத் தரும் மரபணு ஓங்கு தன்மை உடையது. ஆகவே கலப்பினக் குஞ்சுகளிலும் கருமை தோன்றக்கூடும். நிறத்தை மட்டும் பார்த்து இனத்தூய்மையை உறுதிசெய்ய இயலாது. தாய் தந்தையரை அறிந்திருத்தல் ஒன்றே வழி. ஊர்ச் சேவல்கள் தடையின்றித் திரியும் இடத்தில் அதற்கு அடைப்பு தேவைப்படுகிறது.

நிலையான கொட்டகை அமைத்தால் போதாதா என்று கேட்கலாம். ஒரே தரையில் நாள்தோறும் எச்சம் சேருமாயின் இரத்தக் கழிச்சல் நோய்க் கிருமிகளும் குடற்புழுக்களும் பெருகும். ஈரமும் வெப்பமும் உள்ள தரையில் கழிச்சல் கிருமியின் முட்டைகள் ஓரிரு நாட்களிலேயே தொற்றும் நிலையை அடைந்துவிடும். நாள்தோறும் இடம் மாற்றக்கூடிய கூண்டு இத்தொல்லையைப் பெருமளவு குறைக்கிறது. எச்சமும் நிலத்திற்கு உரமாகிறது.

அளவும் எடையும்

ஒரு சேவலும் எட்டுப் பெட்டைகளும் கொண்ட இனப்பெருக்கக் குழுவிற்கு 2.4 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் உள்ள கூண்டு ஏற்றது. இதில் ஒரு முனையில் 80 செ.மீ. நீளப் பகுதியைத் தரையிலிருந்து 45 செ.மீ. உயர்த்தி இரவுத் தங்கிடமாக அமைக்கலாம். அதன் கீழுள்ள நிழல் பகலில் கோழிகளுக்குப் பயன்படும். தங்கிடத்தினுள் ஏறி அமர இரண்டு கழிகளும், வெளியிலிருந்தே திறந்து முட்டை எடுக்கும்படி 30 செ.மீ. சதுரத்தில் இரண்டு முட்டைப் பெட்டிகளும் வேண்டும்.

இவற்றினும் முக்கியமானது எடை. இரும்புக் கோணச் சட்டங்களால் ஆன கூண்டு உறுதியானதுதான். ஆனால் முதல் வாரம் இழுக்கப்பட்டு, இரண்டாம் வாரம் நின்ற இடத்திலேயே நின்றுவிடும். நகராத நகரும் கூண்டு, நிலையான கொட்டகையினும் கேடானது. ஏனெனில் அதன் தரை குறுகலானது. கோழி வளர்ப்பு பெரும்பாலும் பெண்களின் பொறுப்பில் உள்ளது. காலையில் வீட்டில் ஒருவரே இருக்கக்கூடும். எனவே வெற்றுக் கூண்டின் எடை 40 கிலோவைத் தாண்டலாகாது. மூங்கில் சட்டத்தில் இதனைச் சாதிக்கலாம். தங்கிடம் உள்ள கனமான முனையில் இரு சக்கரங்களைப் பொருத்தினால், மறுமுனையைத் தூக்குபவர் ஏறத்தாழ 15 கிலோவைத் தூக்கினால் போதும். கூண்டு மெல்ல நகர, கோழிகளும் உள்ளே நடந்து வந்துவிடும்.

மூங்கிலில் இரண்டு குறைகள் உண்டு. வெட்டிய மூங்கிலைச் சில வாரங்கள் நீரில் ஊறவைத்து உலர்த்தாவிடில் விரைவில் உளுத்துப்போகும். மேலும் அதன் வெடிப்புகளில் பகலில் ஒளிந்து, இரவில் கோழியின் இரத்தத்தை உறிஞ்சும் சிவப்பு உண்ணிகள் குடியேறும். ஆகவே அமரும் கழிகளைக் கழற்றும்படி அமைத்து, அவ்வப்போது கொதிநீர் ஊற்றிச் சுண்ணாம்பு பூச வேண்டும்.

கோழி வலை என விற்கப்படும் மெல்லிய அறுகோண வலை கோழியை உள்ளே வைத்திருக்குமேயன்றி, நாயையும் காட்டுப்பூனையையும் தடுக்காது. அடியிலிருந்து 60 செ.மீ. உயரம் வரை 12 மி.மீ. கண்ணுள்ள, பற்றவைத்த கம்பிவலை வேண்டும். கீரியும் இதில் நுழையாது. மேடுபள்ளமான சரிவு நிலங்களில் அடிச்சட்டத்தின் கீழ் ஏற்படும் இடைவெளியைக் கல் கொண்டு அடைப்பது அன்றாட வேலையாகிவிடும். கூரைக்கு இலேசான தகடு போதும். கோடையில் அதன்மேல் வைக்கோல் பரப்பி, மழைக்கு முன் அகற்ற வேண்டும். கருநிறக் கோழி வெயிலை மிகுதியாக ஈர்க்கும் என்பதால் இதில் அசட்டை கூடாது.

நிலமும் தீனியும்

கூண்டு அடைக்கும் பரப்பு சுமார் 2.9 சதுர மீட்டர். இருபத்தொரு நாட்கள் கழித்தே அதே இடத்திற்குத் திரும்புவது எனக் கொண்டால் 61 சதுர மீட்டர், அதாவது ஒன்றரை சென்ட் நிலம் போதும். அறுவடையான வயலும் வீட்டுக் கொல்லையும் இதற்கு ஏற்றவை.

எனினும் இச்சிறு பரப்பின் புல்லும் பூச்சியும் ஒன்பது கோழிகளுக்கு உணவாகா. நாளொன்றுக்கு முக்கால் கிலோவுக்குக் குறையாமல் தீனியும், கிளிஞ்சல் தூளும் அளிக்க வேண்டும். இச்செலவைக் கருதி ஆண்டு முழுவதும் அடைத்து வைக்காமல், இனப்பெருக்கக் காலத்தில் ஐந்து வாரங்கள் மட்டும் அடைப்பது சிக்கனமாகும். முன்பு சேர்ந்த சேவலின் விந்து பெட்டையின் உடலில் மூன்று வாரங்கள் வரை உயிர்ப்புடன் இருக்கக்கூடும். எனவே முதல் மூன்று வார முட்டைகளை உண்ணவோ விற்கவோ வேண்டும்; அடுத்த இரு வார முட்டைகளே அடைக்கு உரியவை. அவையும் ஏழு நாட்களுக்கு மேல் பழகியிருத்தல் கூடாது. கடக்நாத் பெட்டைகள் அடைகாப்பதில் நாட்டம் குறைந்தவை; ஆகவே ஊர்ப் பெட்டைகளை இதற்குப் பயன்படுத்தலாம். 21 நாட்களில் குஞ்சு பொரிக்கும்.

சேவல் சுழற்சி

தனித்த ஒரு கூண்டு கலப்பைத் தடுக்கும். ஆனால் நெருங்கிய இரத்த உறவில் சேர்க்கையை வளர்க்கும். ஒரு சேவல், எட்டுப் பெட்டை என்ற குழு தன்னுள்ளேயே பெருகினால், தலைமுறைக்குச் சுமார் 14 விழுக்காடு வீதம் இரத்த நெருக்கம் கூடும். முட்டை பொரிக்கும் திறனும் குஞ்சுகளின் பிழைப்பும் குன்றும். நான்கு வீடுகளின் கூண்டுகளை இணைத்து நான்கு சேவல், 32 பெட்டை என்று கணக்கிட்டால் இது 3.5 விழுக்காடாகக் குறைகிறது. அதற்கு ஒரே விதி போதும்: பெட்டைக் குஞ்சுகள் பிறந்த வீட்டிலேயே வளரும்; இளஞ்சேவல்கள் எப்போதும் ஒரே திசையில் அடுத்த வீட்டிற்குச் செல்லும். கூண்டிற்கு ஒரு நிறம் எனக் கால் வளையம் இட்டால் எழுத்தறியாதவரும் பிழையின்றிப் பின்பற்றலாம்.

மாற்றப்படும் சேவலை இரு வாரங்கள் தனியே வைத்திருப்பதும், அதற்கு இராணிக்கெட் தடுப்பூசி இடப்பட்டுள்ளதா என அறிவதும் இன்றியமையாதன. இல்லையேல் சேவலோடு நோயும் வீடு மாறும். மானியத்தில் கூண்டு வழங்கும் அலுவலர்கள் நீள அகலங்களோடு எடையின் உச்சவரம்பையும் விவரக்குறிப்பில் சேர்ப்பதும், நான்கு வீடுகளை ஓர் அலகாகத் தேர்ந்தெடுப்பதும் நலம். கூண்டின் கதவில் ஒரு சிறு பலகையை மாட்டி, சேவலை விட்ட நாளையும் அது வந்த வீட்டின் நிறத்தையும் குறித்துவைக்கலாம்.