இழைகளிடமிருந்து விடை பெறுதல்

ஒரே வேலையைப் பல இழைகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பது பற்றி நாம் வகுப்பில் படிக்கிறோம். கொடுத்த வேலையின் விடையைத் திரும்பப் பெறுவது எப்படி என்பதோ இரண்டொரு வரியில் முடிந்துவிடுகிறது. தொல்லை அங்கேதான் தொடங்குகிறது என்பது என் கருத்து. ஜாவா மொழியைக் கொண்டே இதனை விளக்க முயல்கிறேன்.

1 முதல் 1000 வரையுள்ள எண்களை நான்கு இழைகள், ஆளுக்கு 250 எண்களாகக் கூட்டுவதாகக் கொள்வோம். (இதற்கு இழையே வேண்டா; கணிதத் துறை நண்பர்கள் 500500 என்று உடனே சொல்லிவிடுவார்கள். விடை முன்பே தெரிந்திருந்தால் சோதிக்க வசதி.) 1996-இல் ஜாவா வெளிவந்தபோது இழைக்கென அமைந்த ‘ரன்’ எந்த மதிப்பையும் திருப்பித் தராது. ஆகவே நான்கு இழைகளும் ‘மொத்தம்’ என்ற ஒரே மாறியில் கூட்டும்படி எழுதத் தோன்றும். ஆனால் மாறியில் கூட்டுவது என்பது படித்தல், கூட்டல், எழுதுதல் என மூன்று படிகள். ஓர் இழை படித்துவிட்டு எழுதுமுன் மற்றோர் இழையும் பழைய மதிப்பையே படித்துவிட்டால், ஒன்றின் உழைப்பு அழிந்துபோகும். இன்று சரியாக வரும் விடை நாளை வராது.

2004-இல் வந்த ஜாவா 5, டக் லீ தலைமையில் உருவான ஒரு தொகுப்பைச் சேர்த்துக்கொண்டது. அதிலுள்ள ‘காலபிள்’ விடை தரும் வேலை. அதை ‘எக்சிகியூட்ட’ரிடம் ஒப்படைத்தவுடன் ‘ஃபியூச்சர்’ ஒன்று கைக்கு வரும். சலவைக் கடையில் துணிக்குத் தரும் சீட்டுப் போன்றது அது. சீட்டைக் காட்டி ‘கெட்’ என்று கேட்டால், விடை ஆயத்தமாகும் வரை நம்மை நிறுத்திவைத்துப் பின்பு தரும். நான்கு வேலைகளையும் ஒப்படைத்த பிறகே கேட்க வேண்டும். ஒவ்வொன்றையும் ஒப்படைத்த கையோடு கேட்டால் ஒன்று முடிந்தபின் மற்றொன்று என்றாகிவிடும். நான்கு இழைகள் இருந்தும் பயனில்லை.

மற்றொன்றும் உண்டு. மூன்றாம் இழை தன் கூட்டுத்தொகையான 156375-ஐச் சேர்க்குமுன் பிழையால் நின்றுவிட்டால், பழைய முறையில் முதன்மை இழை 344125 என்று எழுதிவிட்டு மேலே போய்விடும். அதுவே மதிப்பெண் பட்டியலாகவோ சம்பளக் கணக்காகவோ இருந்தால்? ஃபியூச்சரிலோ அப்பிழை விடைக்குப் பதிலாகக் காத்திருந்து, ‘கெட்’ கேட்டவுடன் நம் முன் வந்து நிற்கும். ‘கெட்’ கேட்காமலே விட்டால் அதுவும் மௌனந்தான்.

செய்து பார்க்க விரும்பும் நண்பர்கள் எக்சிகியூட்டருக்கு ‘ஷட்டவுன்’ சொல்ல மறக்க வேண்டா. விடை திரையில் வந்த பிறகும் நிரல் முடியாமல் நின்றுகொண்டிருக்கும்.