செபராங் பிறை நெல்லும் மரபணு அடையாளமும்

ஜார்ஜ் டவுனில் படகேறிக் கடலைக் கடந்தால் செபராங் பிறை. அங்குள்ள ஆராய்ச்சி வயல்களில் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1965ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டதே மசூரி நெல். தமிழ்நாட்டில் நாம் போற்றும் பொன்னி அதன் வழிவந்தது; ஆந்திராவின் சம்பா மசூரிக்கும் அது பெற்றோருள் ஒன்று.

சம்பா மசூரியின் சோறு நயமானது. ஆயினும் பாக்டீரியா இலைக்கருகல் நோய் கண்டால் பயிர் காய்ந்து உழவரின் உழைப்பு வீணாகும். இந்நோயை எதிர்க்கும் மூன்று மரபணுக்களை அதில் சேர்க்க ஐதராபாத் அறிவியலாளர்கள் முனைந்தனர். இடர்ப்பாடு யாதெனில், அவற்றுள் இரண்டு, தாய் தந்தை இருவழியிலும் வந்தாலன்றித் தம் குணத்தை முழுமையாகக் காட்டமாட்டா. கலப்புச் செடியில் அவை ஒளிந்தே கிடக்கும்.

பால்மரக் கன்றின் தரமறிய, மரம் வெட்டுக்கு வரும்வரை நாம் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறோம் அல்லவா? இவர்கள் அவ்வாறு காத்திருக்கவில்லை. நாற்றின் இலைத்துண்டை ஆய்ந்து, அம்மரபணுக்களை ஒட்டியுள்ள அடையாளக் கூறுகளைத் தேடினர். அவை இருந்த செடிகளை மட்டும் சம்பா மசூரியுடனேயே மீண்டும் மீண்டும் கலந்தனர். அரிசியின் நயம் கெடலாகாதன்றோ! மகரந்தச் சேர்க்கை வயலில் செய்வதே. ஆய்வுக்கூடம் தேர்வுக்கு மட்டுமே.

இவ்வாறு உருவான புதிய சம்பா மசூரி 2008இல் வெளியிடப்பட்டது. குலைநோயை மட்டும் இம்மூன்று மரபணுக்களும் தடுப்பதில்லை. அதற்கு வேறு மரபணுக்கள் வேண்டும்.