நாம் உண்ணும் கோழி இறைச்சி – ஒரு விஞ்ஞான நோக்கு

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் கோழி வளர்க்காத தெருவைக் காண்பது அரிது. களத்தில் சிந்திய நெல்லையும், குப்பைமேட்டில் நெளியும் புழுவையும், தொழுவத்துப் பூச்சியையும் தின்று அவை தாமே வளர்ந்துவிடுகின்றன. முட்டை விற்ற காசும் சேவல் விற்ற காசும் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கைக்கே வருகின்றன. அந்தக் காசில் நோட்டுப் புத்தகம் வாங்கிய பிள்ளைகள் நம்மில் பலர் உண்டு. ஆயினும் ஞாயிறு பூசை முடிந்து வரும் வழியில் நம் வீட்டார் வாங்குவது கடைக் கூண்டில் நிற்கும் வெள்ளைப் பிராய்லர் கோழியைத்தான். அது மெத்தென்று விரைவில் வெந்துவிடுகிறது. நாட்டுக்கோழியோ பல்லுக்கு வேலை கொடுக்கிறது. ஆனால் அதன் குழம்புக்கு ஈடு இணை இல்லை என்று பாட்டிமார் சாதிக்கிறார்கள். இரண்டும் கோழிதானே, இந்த வேற்றுமை எங்கிருந்து வந்தது? பத்தாம் வகுப்பு மாணவிகளாகிய நாங்கள் உயிரியல் பாடத்தில் தசைகளைப் பற்றிப் படித்தபோது எழுந்த கேள்வி இது.

இறைச்சி என்பது தசையே. வெந்த நெஞ்சுக்கறியைப் பிய்த்தால் நூல் நூலாக வருகிறதல்லவா? அவை தசை இழைகளின் கட்டுகள். 21 நாள் அடைகாத்துக் குஞ்சு வெளிவரும்போதே அதன் தசை இழைகளின் எண்ணிக்கை ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. அதன்பின் கோழி வளர்வது இழைகள் பருப்பதாலேதான்.

எல்லாத் தசையும் ஒரே வேலையைச் செய்வதில்லை. கோழி நாள் முழுவதும் நடக்கிறது, கிளறுகிறது. ஓயாமல் உழைக்கும் கால் தசைக்கு ஆக்சிஜன் இடைவிடாது வேண்டும். அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும் மயோகுளோபின் என்ற சிவப்புப் புரதம் காலில் மிகுதி. எனவே தொடைக்கறி கருஞ்சிவப்பாக இருக்கிறது. நெஞ்சுத் தசை இறக்கை அடிப்பதற்கானது. நாய் துரத்தினால் கூரை மேல் ஏறும் அந்தச் சில நொடிகளுக்குத்தான் கோழிக்கு அது தேவை; ஆகவே அது வெளுத்திருக்கிறது. நெடுந்தூரம் பறக்கும் புறாவின் நெஞ்சுக்கறி கருத்திருப்பதைப் பார்த்தவர்கள் இதை எளிதில் புரிந்துகொள்வார்கள். அறுவடை முடிந்த வயல்களில் மேயும் வாத்து பறப்பதே இல்லை. ஆனாலும் வலசை பறந்த அதன் முன்னோரின் சிவந்த நெஞ்சு அதற்கும் வாய்த்திருக்கிறது.

இனி நாட்டுக்கோழியின் கடினத்துக்கு வருவோம். தசை இழைகளைக் கட்டி வைத்திருப்பது கொலாஜன் என்ற புரதம். இளம் பறவையில் அதன் கண்ணிகள் தளர்வாக இருக்கும். வயது ஏற ஏற ஒன்றோடொன்று பின்னி இறுகும். பிராய்லர் 35 முதல் 42 நாளில் சுமார் இரண்டு கிலோ எடையுடன் கடைக்கு வந்துவிடுகிறது. அது உருவத்தில் பெரியதே தவிர வயதில் குஞ்சுதான். நாட்டுக்கோழியோ ஐந்தாறு மாதம், சில வேளை ஓராண்டுக்கும் மேல் வாழ்ந்து, ஓடியாடித் திரிந்தபின் சட்டிக்கு வருகிறது. ஆகவே அதைச் சிறு தீயில் நெடுநேரம் வேகவைக்க வேண்டும். அப்போது இறுகிய கொலாஜன் ஈரச் சூட்டில் கரைந்து ஜெலட்டினாகிக் குழம்பைக் கெட்டியாக்குகிறது. பாட்டிமார் புகழும் குழம்பின் ரகசியத்தில் பாதி இதுவே. மீதிப் பாதி வயதினாலும் பலவகைத் தீனியினாலும் வரும் மணம்.

புதுச்சேரியை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களும் இதை அறிந்தே இருந்தார்கள். பிரான்சில் பிரெஸ் என்னும் வட்டாரத்துக் கோழிக்கு 1957-ஆம் ஆண்டிலேயே சட்டப் பாதுகாப்பு அளிக்கப்பட்டது. அந்தப் பெயரில் விற்க வேண்டுமானால் ஒவ்வொரு கோழிக்கும் 10 சதுர மீட்டர் புல்வெளியாவது இருக்க வேண்டும். நம் நாட்டிலும் மத்தியப் பிரதேசத்து ஜாபுவா மாவட்டத்தின் கடக்நாத் கருங்கோழி 2018-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதன் கறியும் எலும்பும்கூடக் கறுப்பு. மெலனின் என்ற நிறப்பொருளே காரணம்.

இங்கே நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் ஒரு பேச்சை ஆராயாமல் விட முடியாது. பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள், அதைத் தின்னும் பெண்பிள்ளைகள் சீக்கிரம் பருவமடைந்து விடுவார்கள் என்பது அது. இதை நம்பி, தம்பிக்குக் கறி வைத்துவிட்டு மகளுக்கு வெறும் குழம்பை ஊற்றும் தாய்மார் உண்டு. கோழியின் வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். தீனியில் கலந்தால் மற்றப் புரதத்தைப் போலச் செரித்துப் போகும். ஊசியாகப் போடுவதானால் பண்ணையில் உள்ள ஆயிரக்கணக்கான கோழிகளைத் திரும்பத் திரும்பப் பிடித்துப் போட வேண்டும்; அந்தக் கூலிக்கே கோழியின் விலை போதாது. அப்படியானால் 40 நாளில் இவ்வளவு வளர்ச்சி எப்படி? தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி இனவிருத்தி செய்ததாலும், மக்காச்சோளமும் சோயாவும் அளவாகக் கலந்த தீனியாலும்தான். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் 1957-ஆம் ஆண்டு இனத்தையும் 2005-ஆம் ஆண்டு இனத்தையும் ஒரே தீனி கொடுத்து வளர்த்து 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். 56-ஆம் நாளில் பழைய இனம் 905 கிராம். புதிய இனம் 4,202 கிராம்! தீனி ஒன்றே, இனம் மட்டுமே வேறு.

இந்த வேகத்துக்கு விலை இல்லாமலும் இல்லை. மிக விரைவாகப் பருக்கும் நெஞ்சுத் தசையில் சில சமயம் வெள்ளைக் கோடுகள் ஓடுகின்றன. சிலவற்றில் கறி மரக்கட்டை போல் விறைத்துப் போகிறது. மருந்துகளைப் பற்றிய கவலையிலும் நியாயம் உண்டு. கோழி கொழுக்கவென்று கண்டபடி கொடுக்கப்பட்ட கொலிஸ்டின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியை, அது மனிதருக்குக் கடைசி நேரத்து உயிர்காக்கும் மருந்து என்பதால், இந்திய அரசு 2019-இல் பண்ணைகளுக்குத் தடை செய்தது. அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவோம். ஆனால் 100 கிராம் நெஞ்சுக்கறியில் ஏறக்குறைய 22 கிராம் புரதம் இருக்க, வளரும் பெண்ணுக்கு அதை வதந்தியின் பேரில் மறுப்பது எப்படித் தகும்?

இனம், வயது, தீனி இவற்றோடு கதை முடிவதில்லை. கோழியின் கடைசிச் சில மணி நேரம் இறைச்சியை ஆக்கவும் கெடுக்கவும் வல்லது என்பதே எங்களை மிகவும் வியக்க வைத்த செய்தி.

கால்களைக் கட்டிச் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கோழிகளைக் கொண்டுபோவதை நாம் தினமும் பார்க்கிறோம். கோழிக்கு நம்மைப் போல் உதரவிதானம் கிடையாது. தலைகீழாகத் தொங்கும்போது குடலும் ஈரலும் சரிந்து காற்றறைகளை அழுத்த, அது மூச்சுக்குத் திணறுகிறது. இறக்கையைப் படபடவென்று அடிக்கிறது. அப்போது நெஞ்சுத் தசையில் சேமித்து வைத்த கிளைகோஜன் எரிந்து லாக்டிக் அமிலமாகிறது. அறுத்தபின் உடல் சூடு ஆறுமுன்பே அமிலம் ஏறிவிட்டால் தசைப் புரதங்கள் உருக்குலைந்து நீரைப் பிடித்துவைக்கும் சக்தியை இழக்கின்றன. கறி வெளுத்துத் தொளதொளத்துப் போகும். சட்டியில் போட்டால் நீர் விட்டுச் சுருங்கும். தின்றால் சக்கை போலிருக்கும். கத்திரி வெயில் இதை இன்னும் கெடுக்கும். கோழியின் உடல் வெப்பமே சுமார் 41 டிகிரி. அதற்கு வியர்வைச் சுரப்பியும் இல்லை. வாயைத் திறந்து இரைப்பதே அதன் முக்கிய வழி. மிருகவதைத் தடைச் சட்டம் 1960-லேயே பிராணிகளைத் துன்புறும்படி கொண்டுசெல்வதைக் குற்றமாக்கியிருக்கிறது. எடை போட்டு வாங்குவோரும் விற்போரும் அதை நினைப்பதாகத் தெரியவில்லை.

நம் ஊர் முதியவர்கள் விருந்துக்கு வேண்டிய கோழியை முதல்நாள் இரவே, அது கூடு அடைந்து தூங்கும்போது பிடித்துக் கூடையால் கவிழ்த்து வைப்பார்கள். துரத்த வேண்டியதில்லை என்பது அவர்கள் காரணம். பெரிய பண்ணைகளிலும் இருட்டிலோ மங்கிய ஒளியிலோதான் கோழி பிடிக்கிறார்கள். அமைதியாக இருக்கும் பறவையின் தசையில் கிளைகோஜன் வீணாவதில்லை. எங்கள் பகுதிக்கு அருகிலேயே குருமாம்பேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1994 முதல் இருக்கிறது. கோழி வளர்க்கும் தாய்மார் இப்படிப்பட்ட விவரங்களை அங்கே கேட்டறியலாம்.

அறுத்த பின்னும் தசையின் வேலை உடனே ஓய்வதில்லை. உயிருள்ள தசையில் ஆக்டின், மயோசின் என்ற இரு புரத இழைகள் பற்றியும் விட்டும் இயங்குகின்றன. பிடியை விடுவிக்க ஏ.டி.பி. என்ற ஆற்றல்பொருள் வேண்டும். மூச்சு நின்றபின் அது தீர்ந்துபோக, இழைகள் பற்றியபடியே பூட்டிக்கொள்கின்றன, உடல் விறைக்கிறது. கோழியில் இது ஒரு மணி நேரத்துக்குள்ளேயே தொடங்கிவிடும். விறைப்பு முற்றித் தளருமுன் நெஞ்சுக்கறியை எலும்பிலிருந்து பிரித்தால் அது சுருங்கிக் கடினமாகும். அதனால்தான் இறைச்சித் தொழிற்கூடங்களில் குறைந்தது நான்கு மணி நேரம் குளிரில் வைத்தபின் எலும்பை நீக்குகிறார்கள். கண்ணெதிரே அறுத்துச் சூடு ஆறுமுன் அடுப்பில் ஏற்றினால்தான் ருசி என்று நம்மவர் சொல்வதற்கு இது நேர்மாறாக இருக்கிறது. எலும்போடு வெட்டி நெடுநேரம் கொதிக்கவிடும் குழம்பில் வேற்றுமை அவ்வளவாகத் தெரியாது. வறுவலில் நன்றாகத் தெரியும்.

ஆகவே வில்லியனூர் மாதா திருவிழாவுக்கு உறவினர் வரும் நாளில் நெஞ்சுக்கறி வறுவல் செய்வதானால், முதல்நாள் மாலையே முழுக்கோழியாக வாங்கி, மூடிய பாத்திரத்தில் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்கலாம். வெளியே வைத்தல் கூடாது. நம் ஊர் வெப்பத்தில் கிருமிகள் வேகமாகப் பெருகும். காலையில் துண்டுகளாக்கி, உப்பும் மஞ்சளும் தயிரும் பிசறி ஒரு மணி நேரம் ஊறவிட வேண்டும். உப்பு தசைப் புரதத்தை இளக்கி நீரைப் பிடித்துவைக்கச் செய்கிறது. முற்றின கோழியானால் ஒரு துண்டு பப்பாளிக்காயை அரைத்துச் சேர்ப்பார்கள். அதிலுள்ள பப்பெயின் என்ற நொதி புரதத்தைச் சிதைத்து மென்மையாக்கும். அதிகம் போட்டால் கறி கூழாகிவிடும், சிறு நெல்லிக்காய் அளவே போதும்.