அறுவை சிகிச்சைக்குப் பின் மார்புச் சளி

புதுச்சேரியில் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்து மீனவர்களும் சுற்றூர் உழவர்களும் வயிற்று அறுவை சிகிச்சைக்காகக் கோரிமேட்டு ஜிப்மர் மருத்துவமனையை நாடுவதுண்டு. புண் ஆறினால் போதுமென்று நாம் எண்ணிவிடுகிறோம், மூச்சை மறந்துவிடுகிறோம். வலிக்கு அஞ்சிய நோயாளி மேலோட்டமாகவே சுவாசிக்கிறார், இருமலையும் அடக்குகிறார். மயக்கமருந்தின் விளைவும், மல்லாந்தே கிடப்பதும் இதனோடு சேர, நுரையீரலின் அடிப்பகுதியிலுள்ள காற்றறைகள் சுருங்குகின்றன. அங்கே கபம் தேங்கினால் நிமோனியா காணக்கூடும்.

“இருமாதே, தையல் பிரிந்துவிடும்” என்று உற்றார் தடுப்பது அன்பினால்தான். ஆயினும் அது தீங்கே. தலையணையைத் தையலின்மேல் அணைத்துக்கொண்டு இருமினால் வலி குறையும், சளியும் வெளிவரும். விழித்திருக்கும் வேளையில் மணிக்கொருமுறை நிமிர்ந்து உட்கார்ந்து, பத்துத் தடவை மூச்சை ஆழ இழுத்து, சற்றே நிறுத்தி விடவேண்டும். வலியைப் பொறுத்துக் கிடப்பது வீரமன்று. செவிலியரிடம் சொல்லி மருந்து பெறவேண்டும். மருத்துவர் அனுமதித்தவுடன் எழுந்து நடக்கவேண்டும்.

பீடி, சுருட்டை நான்கு வாரங்களுக்கு முன்பே விட்டவர்களுக்கு இத்தொல்லைகள் குறைவென்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் எடுத்துரைத்தது. ஆகவே அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்த அன்றே அவற்றை விடுவது நலம்.

வீடு திரும்பியபின் மூச்சுத்திணறல், மார்புவலி, காய்ச்சல், சளியில் இரத்தம், ஒரு காலில் மட்டும் வீக்கம் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் கஷாயம் வைத்துக் காத்திருக்கலாகாது. காலில் உறைந்த இரத்தம் நுரையீரலுக்குச் சென்று அடைத்திருக்கவும் கூடும். பஞ்சாயத்து உறுப்பினர்கள் உடனே 108 ஊர்தியை அழைத்து, நோயாளியைச் சாய்ந்து உட்காரவைத்து அனுப்பவேண்டும்.