ஜெர்மனியில் வாசிக்க மறுத்த நால்வர்

வரலாற்றுப் பாடத்தில் 1933 என்ற ஆண்டை எல்லோரும் அடிக்கோடு போட்டு வைத்திருப்போம். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த ஆண்டு. ஒரு மார்க் கேள்விக்கு அது போதும். ஆனால் அந்த ஆண்டில், அரசியலுக்குச் சம்பந்தமில்லாமல் தங்கள் தொழிலைப் பார்த்துக்கொண்டிருந்த ஆட்கள் என்ன செய்தார்கள்? அது பாடப் புத்தகத்தில் இருக்காது. அப்படிப்பட்ட நாலு வாத்தியக்காரர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அவர்கள் குழுவின் பெயர் புஷ் குவார்டெட்.

முதலில் குவார்டெட் என்றால் என்னன்னு பார்த்துவிடுவோம். மேற்கத்திய இசையில் ஸ்ட்ரிங் குவார்டெட் என்பது நாலு தந்தி வாத்தியங்கள் சேர்ந்த குழு. இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ. வயலின் நமக்குத் தெரிந்ததுதான், கர்நாடகக் கச்சேரியில் பக்கவாத்தியமாக வருகிற அதே வாத்தியம். வயோலா பார்ப்பதற்கு வயலின் மாதிரியே இருக்கும், ஆனால் கொஞ்சம் பெரிசு, குரல் கனமாக இருக்கும். செல்லோ அதைவிடப் பெரிசு. தோளில் வைக்க முடியாது, நாற்காலியில் உட்கார்ந்து முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்தி வாசிக்க வேண்டும்.

பெரிய ஆர்க்கெஸ்ட்ராவுக்கு முன்னால் கையில் குச்சி பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்பாரே, அவருக்குக் கண்டக்டர் என்று பெயர். (பஸ் கண்டக்டர் இல்லை!) குவார்டெட்டில் அவர் கிடையாது. எப்போது ஆரம்பிப்பது, எங்கே மெதுவாக்குவது, யார் குரல் மேலே வர வேண்டும், எல்லாவற்றையும் அந்த நாலு பேரே பேசி முடிவு செய்ய வேண்டும். மேடையில் பேச முடியாது. ஒருவர் மூச்சு இழுப்பதைப் பார்த்து மற்றவர் வில்லை எடுப்பார். ஆகவே நாலு பேருக்கும் நல்லா ஒத்துப் போகணும். ஒரே ஆள் மாறினாலும் குழுவின் நாதமே மாறிப்போகும்.

இந்த வடிவத்தை வளர்த்து எடுத்தவர் ஹைடன். பிறகு மோட்சார்ட், பீத்தோவன், ஷூபர்ட் எல்லோரும் இதற்கு எழுதினார்கள். பீத்தோவன் மட்டும் 16 குவார்டெட் எழுதியிருக்கிறார். கடைசிச் சிலவற்றை எழுதும்போது அவருக்குக் காது சுத்தமாகக் கேட்காது.

ஜெர்மனியில் இதற்குப் பெரிய பெயர் வாங்கிக் கொடுத்தவர் யோசஃப் யோவாகிம் என்ற வயலின் மேதை. 1869-ல் பெர்லினில் இசைக் கல்லூரிக்குத் தலைவராக வந்தார். அதே ஆண்டில் ஒரு குவார்டெட்டும் ஆரம்பித்தார். 1907-ல் சாகும்வரை அதை நடத்தினார். அவர் பிறந்தது யூதக் குடும்பத்தில். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இப்போது நம்ம ஆளுக்கு வருவோம். அடால்ஃப் புஷ் 1891-ல் ஜெர்மனியின் சீகன் என்ற ஊரில் பிறந்தார். அப்பா தச்சு வேலை தெரிந்தவர், வயலின் செய்கிறவர், வாசிக்கவும் செய்வார். பணக்கார வீடு இல்லை. பையன்கள் சின்ன வயதிலேயே அப்பாவோடு நடன நிகழ்ச்சிகளுக்குப் போய் வாசித்து வீட்டுச் செலவுக்குக் காசு கொண்டுவந்தார்கள். அண்ணன் ஃபிரிட்ஸ் பெரிய கண்டக்டர் ஆனார். தம்பி ஹெர்மன் செல்லோ கலைஞர் ஆனார். அடால்ஃப் கொலோன் நகர இசைக் கல்லூரியில் படித்தார். அங்கே அவருக்குக் கற்றுக் கொடுத்த வில்லி ஹெஸ், பிராம் எல்டரிங் இருவருமே யோவாகிமின் மாணவர்கள். குருவுக்குக் குரு யோவாகிம்!

21 வயதுக்குள் வியன்னாவில் ஒரு ஆர்க்கெஸ்ட்ராவின் முதல் வயலின் பதவி கிடைத்தது. அங்கேயே ஒரு குவார்டெட்டும் சேர்த்தார். முதல் உலகப் போர் வந்து அது நின்றுபோனது. 1918-ல் பெர்லின் இசைக் கல்லூரியில், யோவாகிம் கற்பித்த அதே கல்லூரியில், ஆசிரியரானார். அடுத்த ஆண்டு, 1919-ல், தன் பெயரிலேயே குவார்டெட் ஆரம்பித்தார். ஆரம்பத்தில் ஆட்கள் மாறினார்கள். சீக்கிரமே சுவீடன் நாட்டுக்காரர் கோஸ்டா ஆன்ட்ரியாசன் இரண்டாம் வயலினுக்கும், வியன்னாவைச் சேர்ந்த கார்ல் டாக்டர் வயோலாவுக்கும் வந்து நிலைத்தார்கள். (டாக்டர் என்பது அவர் பெயர், ஊசி போடுகிறவர் இல்லை.) செல்லோ வாசித்த பால் க்ரூம்மர் 1930-ல் விலகியதும் தம்பி ஹெர்மன் அந்த இடத்துக்கு வந்தார். ஆக, ஜெர்மன் குவார்டெட் என்று உலகம் புகழ்ந்த குழுவில் பாதிப் பேர்தான் ஜெர்மானியர்!

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். ருடால்ஃப் செர்கின். பியானோ கலைஞர். 1920-ல் புஷ்ஷைச் சந்தித்தபோது அவருக்கு வயது 17. யூதப் பையன். புஷ் அவரைத் தன் வீட்டிலேயே தங்க வைத்துக்கொண்டார். அதன்பிறகு வீட்டுப் பிள்ளை மாதிரி கூடவே இருந்தார். பியானோ தேவைப்படும் உருப்படிகளில் குவார்டெட்டோடு சேர்ந்து வாசித்தார். 1927-ல் புஷ் குடும்பம் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்துக்குக் குடிபோனபோதும் கூடவே போனார். பின்னாளில், 1935-ல், புஷ்ஷின் மகள் ஐரீனைக் கல்யாணம் செய்துகொண்டார்.

வீடு சுவிட்சர்லாந்தில் இருந்தாலும் பிழைப்பு ஜெர்மனியில்தான். கச்சேரிகள் நிறைய அங்கேதான். ரசிகர்களும் அங்கேதான். ஜெர்மன் இசையை முறையாக வாசிக்கிறவர் என்றால் புஷ் பெயரைத்தான் அங்கே சொன்னார்கள்.

1933 ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். மார்ச் மாதம் டிரெஸ்டன் நகர ஓபராவில் அண்ணன் ஃபிரிட்ஸ் மேடையேறியபோது, பழுப்புச் சட்டைப் படையினர் அரங்கில் கூச்சல் போட்டு அவரை இறக்கிவிட்டார்கள். அவர் யூதர் இல்லை, நாஜிகளுக்குப் பணியாதவர், அவ்வளவுதான் குற்றம். ஏப்ரல் 1 அன்று நாடு முழுக்க யூதர் கடைகளைப் புறக்கணிக்கும் நாள் என்று அறிவித்தார்கள். கடை வாசல்களில் படையினர் நின்று, உள்ளே போகிறவர்களை மிரட்டினார்கள். கண்ணாடிகளில் பெயிண்டால் எழுதினார்கள்.

அன்றைக்குப் புஷ் குவார்டெட் பெர்லினில் இருந்தது. ஈஸ்டருக்கு முந்திய நாட்கள் என்பதால் ஹைடனின் 'சிலுவையில் இயேசுவின் ஏழு வார்த்தைகள்' வாசிக்க வேண்டியிருந்தது. பெரும்பாலும் ஒன்றன்பின் ஒன்றாக மெதுவான பகுதிகளே வரும் இசை அது. தெருவில் நடந்ததை எல்லாம் நால்வரும் பார்த்திருந்தார்கள். கச்சேரியை வாசித்து முடித்தார்கள். அதன்பிறகு ஜெர்மனியில் ஒப்புக்கொண்டிருந்த மற்ற கச்சேரிகள் அத்தனையையும் ரத்து செய்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள்.

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். புஷ் யூதர் இல்லை. யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. நேர்மாறாக, புதிய அரசாங்கத்துக்கு அவர் வேண்டும். யூதக் கலைஞர்களை விரட்டிய பிறகு காலியான மேடைகளுக்குப் பெயர் பெற்ற ஜெர்மானியர்கள் தேவைப்பட்டார்கள். சும்மா இருந்திருந்தால் போதும், பதவியும் பட்டமும் தேடி வந்திருக்கும். அப்படிச் சும்மா இருந்தவர்கள் நிறையப் பேர். எப்படியாவது அவரைத் திரும்ப வரவைக்கப் பார்த்தார்கள். ஹிட்லர், கோயபல்ஸ், கோரிங் மூன்று பேரையும் தூக்கில் போடுங்கள், அன்றைக்கே சந்தோஷமாக வருகிறேன் என்று அவர் பதில் கொடுத்ததாக ஒரு கதை உண்டு. பேச்சு எப்படியோ, செயல் அப்படித்தான் இருந்தது. 1935-ல் சுவிட்சர்லாந்துக் குடியுரிமை வாங்கினார். 1938-ல் இத்தாலியும் யூதர்களுக்கு எதிராகச் சட்டம் போட்டதும், அங்கேயும் வாசிக்க மாட்டேன் என்று நிறுத்திவிட்டார். இத்தாலி அவர்களுக்கு நல்ல வரவேற்பு இருந்த நாடு. இரண்டாவது வாசலையும் தாங்களே சாத்திக்கொண்டார்கள்.

தன் ஒருவருடைய பிழைப்பை ஒருவர் விடலாம். குவார்டெட்டில் அப்படி முடியாது. ஒருவர் மறுத்தால் நாலு வீட்டு அடுப்பும் அணையும். சுவீடன்காரருக்கும் வியன்னாக்காரருக்கும் இது தங்கள் நாட்டுச் சண்டை இல்லை என்று ஒதுங்க இடம் இருந்தது. ஒதுங்கவில்லை. எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்தது இதுதான். புத்தகங்களில் புஷ் பெயரே பெரிதாக வருகிறது, ஆன்ட்ரியாசனும் டாக்டரும் ஒரு வரியில் முடிந்துவிடுகிறார்கள்.

ஜெர்மனி போன பிறகு இங்கிலாந்து கை கொடுத்தது. இன்றைக்கு நாம் இவர்களைக் கேட்க முடிகிறதென்றால் அதற்குக் காரணம் 1930-களில் லண்டனில் செய்த ஒலிப்பதிவுகள். அந்தக் காலத்து இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு நாலரை நிமிடம்தான் பிடிக்கும். பீத்தோவனின் ஓபஸ் 131 என்ற குவார்டெட் சுமார் 40 நிமிடம், நடுவில் நிறுத்தாமல் வாசிக்க வேண்டியது. எத்தனை பக்கம் வரும்? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் ஒரே மூச்சில் பிழையில்லாமல் வாசிக்க வேண்டும். இப்போது மாதிரி வெட்டி ஒட்ட முடியாது. ஒரு சுரம் தவறினால் அந்தப் பக்கம் முழுவதும் திரும்ப வாசிக்க வேண்டியதுதான்.

1936-ல் ஓபஸ் 131-ஐயும், ஷூபர்ட்டின் 'மரணமும் மங்கையும்' என்ற குவார்டெட்டையும் பதிவு செய்தார்கள். 1937-ல் பீத்தோவனின் ஓபஸ் 132. அதன் மூன்றாவது பகுதி, கடும் நோயிலிருந்து தேறிய பீத்தோவன் 1825-ல் கடவுளுக்கு நன்றி சொல்லி எழுதியது. அதை இவர்கள் மிக மிக மெதுவாக வாசிக்கிறார்கள். வேகமாக வாசிப்பதுதான் கஷ்டம் என்று நாம நினைப்போம். உண்மையில் வில்லை மெதுவாக இழுத்து நாதம் நடுங்காமல் பிடிப்பது அதைவிடக் கஷ்டம். நாலு பேரும் ஒரே நேரத்தில் அப்படிப் பிடிக்க வேண்டும். பழைய தட்டு என்பதால் கரகரவென்று சத்தம் வரும். முதல் இரண்டு நிமிடம் அது தொந்தரவாக இருக்கும். அப்புறம் கரகரப்பு காதில் விழாது.

போர் தொடங்கியதும் அமெரிக்கா போனார்கள். அங்கே நிலைமை சுகமில்லை. பெரிய ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் தனி வித்வான்களுக்கும் இருந்த கூட்டம் அமைதியான குவார்டெட்டுக்கு வரவில்லை. புஷ்ஷுக்கு மாரடைப்பு வந்தது. வாசிப்பு குறைந்தது. செர்கின் அமெரிக்காவில் பெரிய நட்சத்திரம் ஆனார். ஐரோப்பாவில் கொடி கட்டிப் பறந்த மாமனாரை அங்கே பலருக்குத் தெரியவில்லை. போருக்குப் பிறகு ஆன்ட்ரியாசனும் டாக்டரும் இல்லாத குவார்டெட்டைப் புதியவர்களோடு நடத்தினார். 1951-ல் அந்தக் குழுவோடு ஜெர்மனிக்குப் போய் மறுபடி வாசித்தார். 18 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதே ஆண்டில் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், செர்கின், ஹெர்மன் முதலியவர்களோடு சேர்ந்து மார்ல்பரோ இசைப் பள்ளியைத் தொடங்கினார். இளைஞர்களும் அனுபவசாலிகளும் ஒன்றாக உட்கார்ந்து வாசிக்கிற கோடை முகாம் அது. இன்றும் நடக்கிறது. 1952 ஜூன் 9-ல் புஷ் காலமானார். குவார்டெட்டும் அதோடு முடிந்தது.

ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. போருக்குப் பிறகு கொஞ்ச காலம் இந்தக் குவார்டெட்டில் இரண்டாம் வயலின் வாசித்தவர் எர்னஸ்ட் டிரக்கர். அவரும் கொலோன் கல்லூரி மாணவர்தான். குரு அதே பிராம் எல்டரிங். 1933-ல் படிப்பு முடியும் விழாவில் பிராம்ஸின் வயலின் கான்செர்ட்டோ வாசிக்க வேண்டியவர். யூதர் என்பதால் நிகழ்ச்சி நிரலில் அவர் பெயரை மையால் அடித்துவிட்டார்கள். எல்டரிங் யூதர் இல்லை. என் மாணவனை விடாவிட்டால் நான் வேலையை விட்டுவிடுவேன் என்று நின்றார். கடைசியில் மூன்று பகுதிகளில் முதல் பகுதியை மட்டும் வாசிக்க விட்டார்கள். முன்வரிசையில் பழுப்புச் சட்டைக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். வாசித்துவிட்டு எர்னஸ்ட் மேடையை விட்டு இறங்கினார்.

அவருடைய மகன் யூஜீன் டிரக்கர், எமர்சன் குவார்டெட்டில் வயலின் கலைஞராக இருந்தவர். 2015-ல் இஸ்ரேலின் ரனானா நகரத்தில், ஒரு ஆர்க்கெஸ்ட்ராவோடு மேடையேறி, அப்பா வாசிக்க முடியாமல் போன அந்த மீதி இரண்டு பகுதிகளை வாசித்தார்.