கொதிகலனுக்கு எந்தச் சில்லு?

திருச்சி பாலக்கரையிலிருந்து தஞ்சைச் சாலை வழியே கிழக்கே சென்றால் திருவெறும்பூர் வரும். அங்கே 1965-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பாரத மிகுமின் நிறுவனத்தின் ஆலை, அனல்மின் நிலையங்களுக்குக் கொதிகலன்கள் செய்கிறது.

கொதிகலனின் அடுப்பில் சுடர் அணைந்தபின்னும் எரிபொருள் வந்துகொண்டிருந்தால் என்ன ஆகும்? எரியாத ஆவி உள்ளே தேங்கும். பிறகு ஒரு தீப்பொறி பட்டால் அடுப்பே வெடிக்கும். ஆகவே பற்றவைப்பதற்கு முன் விசிறியை ஓடவிட்டு, தேங்கிய ஆவியை வெளியேற்றுகிறார்கள். பெரிய கொதிகலன்களில் இதற்கு 5 நிமிடமாவது ஆகும்.

இந்த விதியைத் தர்க்கமாக எழுதலாம். விசிறி ஓட வேண்டும். நீர்மட்டம் போதுமானதாக இருக்க வேண்டும். 5 நிமிடம் கழிந்திருக்க வேண்டும். மூன்றும் உண்மையானால்தான் தீப்பொறி எழும், எரிபொருள் வால்வு திறக்கும். பிறகு சுடர் தெரிந்தால் மட்டுமே வால்வு திறந்திருக்கும்.

முன்பு இதற்குப் பல ரிலேக்கள் தேவைப்பட்டன. 1978-இல் பி.ஏ.எல். என்னும் சில்லு வந்தது. உள்ளிருக்கும் தர்க்க வாயில்களை நம் விருப்பப்படி இணைக்க அது வழி செய்தது. ஆனால் ஒருமுறை எழுதினால் மாற்ற முடியாது. 1985-இல் வந்த ஜி.ஏ.எல். சில்லை மின்சாரத்தால் அழித்து மீண்டும் எழுதலாம். மின்சாரம் நின்றாலும் எழுதியது அழியாது.

இவ்வகைச் சில்லுகளில் 16வி8-க்கு 8 வெளியீட்டு அறைகள், 22வி10-க்கு 10. ஒவ்வோர் அறையிலும் ஒரு ஃபிளிப்-ஃப்ளாப் உண்டு. எது போதும்? கணக்கிடுவோம்.

5 நிமிடம் என்பது 300 விநாடி. விநாடிக்கு ஒரு துடிப்பு என்றால் 300 வரை எண்ண வேண்டும். 8 ஃபிளிப்-ஃப்ளாப்கள் 255 வரைதான் எண்ணும். ஆகவே 9 வேண்டும். தீப்பொறிக்கும் வால்வுக்கும் 2 சேர்த்தால் 11. ஐயோ, 22வி10-ம் போதவில்லை! 32 அறைகள் கொண்ட பெரிய சில்லை வாங்குவதா?

சற்றுப் பொறுங்கள். 5 விநாடிக்கு ஒரு துடிப்பு கொடுத்தால் 60 எண்ணினால் போதும். 6 ஃபிளிப்-ஃப்ளாப்கள் 63 வரை எண்ணும். 6-உடன் 2 சேர்த்தால் 8. சிறிய 16வி8-லேயே அடங்கிவிட்டது! பணத்தை மிச்சப்படுத்தியது சிந்தனைதான்.

ஆனால் விலையை மட்டும் பார்க்கக் கூடாது. சாதாரணச் சில்லு 0 முதல் 70 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். தொழிற்சாலை வகை மைனஸ் 40 முதல் 85 வரை தாங்கும். கொதிகலன் அருகே எது பொருந்தும் என்று சொல்லவும் வேண்டுமோ? எழுதும் கருவியின் விலையையும், பழுதானால் அதே சில்லு மீண்டும் கிடைக்குமா என்பதையும் பார்க்க வேண்டும்.

இன்னொன்று: சில்லும் பழுதாகலாம். எனவே உண்மையான கொதிகலனில் உயிர்காக்கும் பொறுப்பை ஒரே சில்லிடம் விடமாட்டார்கள். தனிப் பாதுகாப்பும் இருக்கும்.

செய்து பாருங்கள்: துடிப்பு 5 விநாடிக்கு ஒன்று. காற்றோட்டம் 10 நிமிடம் வேண்டும். எந்தச் சில்லு போதும்?

விடை: 120 எண்ண 7 ஃபிளிப்-ஃப்ளாப்கள், 2 சேர்த்து 9. ஆகவே 22வி10.